சீருக்கும் கொந்தளிப்புக்கும் நடுவே



பாய்ம இயக்கவியலில் எந்தத் தலைப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு மனிதரை எடுத்துக்கொண்டேன். 1933 ஜூலை 20 அன்று பெங்களூரில் பிறந்து, 2020 டிசம்பர் 14 அன்று அதே ஊரில் மறைந்த பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா. ஓர் ஓட்டம் எந்த இடத்தில் தன் சீரை இழக்கிறது, இழந்த சீரை எப்போது திரும்பப் பெறுகிறது என்ற ஒரே கேள்வியை அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் பிடித்திருந்தார். அந்தக் கேள்வி அவரை விமானச் சிறகிலிருந்து பருவமழை மேகம் வரை கூட்டிச் சென்றது. ஆய்வுக்கென்று வாழ்நாளைக் கொடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இங்கே இயற்பியல் படிக்காதவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே கேள்வியை முதலில் விளக்கிவிடுகிறேன். குழாயைச் சிறிதளவே திறந்தால் நீர் ஆடாமல் அசையாமல், கண்ணாடிக் கம்பி இறங்குவதாக இறங்கும். முழுதாகத் திறந்தால் வெண்மையாகி, புரண்டு, தெறித்து விழும். முதலாவது வரிச்சீர் ஓட்டம். இரண்டாவது கொந்தளிப்பு ஓட்டம். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், நீண்ட கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் நீரின் நடுவே சாயத்தை ஓர் இழையாக விட்டுப் பார்த்தார். வேகம் குறைவாக இருந்தவரை சாய இழை குழாயின் நீளம் முழுக்க அறுபடாமல் ஓடியது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் இழை உடைந்து, நிறம் குழாய் முழுதும் கலந்துவிட்டது. வேகம், குழாயின் விட்டம், நீரின் அடர்த்தி, பாகுநிலை ஆகிய நான்கையும் ஒரே எண்ணில் அவர் அடக்கினார். இன்று அதை ரெனால்ட்ஸ் எண் என்கிறோம்.

நம் பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. எண் 2,000-க்குக் கீழே இருந்தால் சீர், 4,000-க்கு மேலே போனால் கொந்தளிப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு காலியிடம், அதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் ரெனால்ட்ஸ் அந்தக் காலியிடத்தையும் பார்த்திருந்தார். குழாயில் கொந்தளிப்பு ஒரேயடியாக வந்துவிடவில்லை. சிறிது தூரம் அமைதி, திடீரென்று ஒரு கொந்தளிப்புத் துண்டு, மறுபடி அமைதி என்று மாறிமாறி அது கடந்து போனதை அவர் எழுதி வைத்திருக்கிறார். நடுவிலுள்ள அந்தப் பகுதிக்கும் தனக்கென்று ஒரு விதி இருக்க வேண்டும் என்று நம்பி அதைத் தேடியவர்கள் உலக அளவிலேயே சிலர்தான். அவர்களில் ஒருவர் பெங்களூரில் இருந்தார் என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

நரசிம்மாவின் மூதாதையர் ஊர் ஆந்திரத்தின் அன்றைய அனந்தபூர் மாவட்டத்திலிருந்த ரொத்தம். தந்தை ஆர்.எல்.நரசிம்மையா பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர்; கன்னடத்தில் அறிவியல் எழுதியவர். வீட்டில் அறிவியல் தாய்மொழியில் புழங்கியது. மகன் இயந்திரப் பொறியியல் முடித்து, 1950களின் நடுவில் இந்திய அறிவியல் கழகத்தின் வானூர்திப் பொறியியல் துறைக்குப் படிக்க வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் சதீஷ் தவன்.

தவனைப் பின்னாளைய இஸ்ரோ தலைவராகவே நாம் அறிவோம். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவர் முதலில் ஒரு பாய்ம ஆய்வாளர். லாகூரில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பொறியியல் பட்டமும் பெற்று, அமெரிக்காவின் கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மனிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். ஒரு பரப்பின் மேல் ஓடும் காற்று அந்தப் பரப்பை எவ்வளவு விசையோடு உரசி இழுக்கிறது என்பதை, பரப்பின் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே அசையவிட்டு நேரடியாக அளந்தார். 1951-இல் பெங்களூருக்கு வந்ததும், உலகத் தரத்தில் அளக்க முடியும் என்ற துணிவை மாணவர்களுக்கு ஊட்டினார். அந்த ஆய்வகத்தின் முதல் பெரும் விளைச்சல்தான் நான் இனிச் சொல்லப்போவது.

ஒரு தட்டையான பலகையின் மேல் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையைத் தொடும் காற்று நின்றுவிடும். சற்று மேலே இருப்பது முழு வேகத்தில் ஓடும். இரண்டுக்கும் இடையேயுள்ள மெல்லிய பகுதியை 1904-இல் லுட்விக் பிராண்டல் எல்லை அடுக்கு என்றார். பலகையின் முன்விளிம்பில் அந்த அடுக்கு சீராக இருக்கும். தூரம் போகப்போகக் கொந்தளிப்பாகும். எப்படி? 1951-இல் ஹார்வர்டில் ஹோவர்ட் எம்மன்ஸ், சாய்ந்த மேசையின் மேல் மெல்லியதாக நீரை ஓடவிட்டுப் பார்த்தபோது, சீரான நீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொந்தளிப்புப் புள்ளிகள் தோன்றுவதைக் கண்டார். ஒவ்வொரு புள்ளியும் நீரோடு நகர்ந்துகொண்டே அகலமாகி, அடுத்த புள்ளியோடு சேர்ந்து, கடைசியில் பரப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். புள்ளிகள் பலகையெங்கும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் பிறக்கின்றன என்று எம்மன்ஸ் கணக்கிட்டார். ஆனால் அளவீடுகள் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

அளவீடு என்றேன். அந்தக் காலத்தில் இதற்கு இருந்த கருவி ஹாட் வயர். ஐந்து மைக்ரான் தடிமனுள்ள, அதாவது தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி. நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவில். மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிக் காற்றில் வைத்தால், காற்று வேகமாக வீசும்போது கம்பி குளிரும். அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் ஆஸிலாஸ்கோப் திரையில் கோடாக ஓடும். எல்லை அடுக்கின் இடைப்பகுதியில் இந்தக் கம்பியை வைத்தால், சிறிது நேரம் கோடு அமைதியாகப் போகும். பிறகு ஒரு கொந்தளிப்புப் புள்ளி கம்பியைக் கடக்கும்போது கோடு துடிக்கும். மறுபடி அமைதி. ரெனால்ட்ஸ் குழாயில் கண்டதே இங்கே கோடாக வரைந்து காட்டப்படுகிறது. மொத்த நேரத்தில் துடிப்பு எத்தனை பங்கு என்பதை இடைவிட்டமை என்று சொல்வோம். முன்னால் அது சுழியம். பின்னால் போகப்போக ஒன்று.

இடைவிட்டமை எந்த வளைகோட்டில் சுழியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறுகிறது என்பதுதான் கேள்வி. 1957-இல் நரசிம்மா ஒரு சிறு கட்டுரையில் விடை சொன்னார். புள்ளிகள் பலகை முழுதும் பிறக்கவில்லை. முன்விளிம்பிலிருந்து குறிப்பிட்ட தூரத்திலுள்ள ஒரு குறுகிய பட்டையில் மட்டும்தான் பிறக்கின்றன. எப்போது பிறக்கும், பட்டையின் எந்த ஓரத்தில் பிறக்கும் என்பது தற்செயல். எவ்வளவு தொலைவில் பிறக்கும் என்பது மட்டும் ஏறத்தாழத் திட்டமானது. இந்த ஒரு கருதுகோளை வைத்தால் ஒரே ஒரு வளைகோடு கிடைக்கிறது. அதில் வரும் மாறிலி 0.412. வெவ்வேறு ஆய்வகங்களின் அளவீடுகள் அந்த வளைகோட்டில் வந்து அமர்ந்தன. அப்போது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டு தவனும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அப்போதுதான் கேம்பிரிட்ஜிலிருந்து வரத் தொடங்கியிருந்த 'ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்' இதழின் மூன்றாம் தொகுதியில் வெளியானது. இடைப்பகுதியில் ஓடுவது சீரோட்டமும் கொந்தளிப்பும் நேரப் பங்கீட்டில் மாறிமாறி வருவதே. ஆகவே அங்குள்ள சராசரி வேகத்தை, இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, இடைவிட்டமையை எடையாக வைத்துக் கலந்து பெறலாம் என்றது அது. படிக்கும்போது எளிமையாகத் தோன்றும். அந்த எளிமையை அடைவதற்குத்தான் ஒரு விஷயத்தின் உள்ளே போய்க் கிடக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் வளிம டர்பைன் இறக்கைகளை வடிவமைப்பவர்கள் இந்த வளைகோட்டைப் பயன்படுத்துகிறார்கள். டர்பைன் இறக்கையில் இந்த இடைப்பகுதியே பரப்பின் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதுண்டு. எந்த இடத்தில் வெப்பம் அதிகமாகத் தாக்கும் என்பதை அதை அறியாமல் சொல்ல முடியாது.

கால்டெக்கில் லீப்மனிடமே ஆய்வு செய்து, மிக ஐதான வளிமங்களின் ஓட்டம் பற்றி எழுதி, 1961-இல் முனைவர் பட்டம் பெற்றார் நரசிம்மா. மறு ஆண்டே பெங்களூருக்குத் திரும்பினார். கால்டெக்கிலேயே இருந்திருக்கலாம். ஸ்புட்னிக்குக்குப் பிறகு அமெரிக்காவில் அந்தத் துறைக்குப் பணம் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் திரும்பியது தியாகமா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவருடைய கேள்வியும் அவருடைய ஆசிரியரும் அளவீட்டுக் கூடமும் பெங்களூரில் இருந்தன.

திரும்பியபின் செய்தவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஒரு விவாதம். 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைன் குழுவினர், நீருக்குள் நுண்ணிய ஹைட்ரஜன் குமிழிகளை விட்டு, கொந்தளிப்பான எல்லை அடுக்கின் சுவரோரத்தைப் படம்பிடித்தார்கள். அங்கே மெதுவாக ஓடும் நீளமான கீற்றுகள் இருந்தன. அவை அவ்வப்போது சுவரைவிட்டு எழுந்து, ஆடி, வெடிப்பாகச் சிதறின. கொந்தளிப்பு தன்னைத்தானே எப்படி ஊட்டி வளர்த்துக்கொள்கிறது என்பதற்கு அது பெரிய துப்பு. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை இந்த வெடிப்பு வரும்? சுவரோர நிகழ்ச்சிதானே, சுவரோர அளவுகளே அதைத் தீர்மானிக்கும் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1971-இல் ராவ், நரசிம்மா, பத்ரி நாராயணன் மூவரும் ஹாட் வயர் அளவீடுகளைக் கொண்டு வேறு விடை தந்தார்கள். வெடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் எல்லை அடுக்கின் முழுத் தடிமனையும் வெளிவேகத்தையும் பொறுத்தது. வெளிவேகத்தில் ஓடும் காற்று அந்தத் தடிமனைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரம் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. சுவரோரத்தில் நடப்பதை வெளியே உருளும் பெரிய சுழல்கள் ஆள்கின்றன என்பது அதன் உட்பொருள். இது உடனே ஏற்கப்படவில்லை. கம்பியின் நீளம் குறைந்தால் விடை மாறுகிறது, மிகச் சிறிய உணரிகளை வைத்தால் சுவரோர அளவுகளே பொருந்துகின்றன என்று பின்னால் எதிர் அளவீடுகள் வந்தன. அவையும் மதிக்கத்தக்கவை. 2000-க்குப் பிறகு மிக உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்களில் அளந்தவர்கள், வெளியடுக்கின் நீண்ட பெரும் கட்டமைப்புகள் சுவரோரக் கொந்தளிப்பின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் விடுவதைக் காட்டினார்கள். வெளியே இருப்பது உள்ளே நடப்பதைத் தொடுகிறது என்ற எண்ணம் வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கிறது. உலகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தபோது மூவரும் தம் அளவீட்டை நம்பி மறுபக்கம் நின்றார்கள். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாவது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. கொந்தளித்த ஓட்டம் மறுபடி சீராக முடியுமா? பால்காரரிடம் தண்ணீர் கலந்த பாலைப் பிரித்துத் தரச் சொல்வதைப் போன்ற கேள்வியாக அது தோன்றும். ஆனால் முடியும். ஜி.ஐ.டெய்லர் 1929-லேயே இதற்கு ஓர் அடையாளம் காட்டியிருந்தார். நேர்க்குழாயில் கொந்தளித்து வரும் நீரைச் சுருள் குழாய்க்குள் விட்டால், சுருளுக்குள் அது அடங்கிவிடுகிறது. பிற்காலத்தில் விஸ்வநாத், நரசிம்மா, பிரபு ஆகியோர் இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். நேர்க்குழாயில் சாயம் கலைந்து பரவுகிறது. சுருளுக்குள் விட்ட சாயம் இழையாகவே போகிறது. சுருள் முடிந்து மறுபடி நேர்க்குழாய் வந்ததும் கலைந்துவிடுகிறது. வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள்.

நரசிம்மாவும் அவருடைய மாணவர் கே.ஆர்.சீனிவாசனும் 1973-இல் எடுத்துக்கொண்டது, கடுமையாக முடுக்கப்படும் ஓட்டம். ராக்கெட்டின் நாசிலில் வளிமம் மிகக் குறுகிய தூரத்தில் வேகம் பிடிக்கிறது. அங்கே சுவருக்குப் போகும் வெப்பம், கொந்தளிப்புக் கணக்குச் சொல்வதைவிடக் குறைவாக இருப்பதை மற்றவர்கள் அளந்திருந்தார்கள். கொந்தளிப்பு செத்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். நரசிம்மாவும் சீனிவாசனும் அளவீடுகளை உற்றுப் பார்த்தார்கள். கொந்தளிப்பின் அலைவுகள் அங்கேயே இருந்தன, பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அழுத்தம் ஓட்டத்தைத் தள்ளும் விசை அவ்வளவு பெரிதாகிவிட்டதால், மெதுவாகவே எதிர்வினை காட்டும் கொந்தளிப்பு விசைகளுக்குச் சராசரி ஓட்டத்தின் மேல் பிடி இல்லாமல் போய்விட்டது. சுவரை ஒட்டி ஒரு புதிய சீரான அடுக்கு வளர்கிறது. அதற்கு வெளியே பழைய கொந்தளிப்பு உறைந்தபடி கூடவே போகிறது. இந்த இரண்டு அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிட்டால் அளவீடுகளோடு பொருந்துகிறது.

1979-இல் இருவரும் எழுதிய நீண்ட மதிப்பாய்வில், கொந்தளிப்பு அடங்கும் வழிகளை முறைப்படுத்தினார்கள். பாகுநிலை அலைவுகளைக் கரைத்துவிடுவது ஒரு வழி. மேலே லேசானதும் கீழே கனமானதுமான காற்று அடுக்குகளில் போல, ஏதோ ஒரு வெளிவிசைக்கு எதிராக உழைத்தே கொந்தளிப்பு தன் ஆற்றலை இழப்பது இன்னொன்று. மூன்றாவது, நான் சொன்ன முடுக்க வழி. விமானம் தரையிறங்கும்போது சிறகின் முன்விளிம்பைச் சுற்றிக் காற்று வேகமாக வளைந்து ஓடுகிறது. அங்கேயும் கொந்தளிப்பு அடங்கிவிடக்கூடும் என்பதால், காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரியை வைத்து அளந்ததை அப்படியே முழு விமானத்துக்குப் பொருத்த முடியாது. வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலோர் சீர் எப்படி உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, உடைந்தது எப்படிச் சேர்கிறது என்று கேட்கப் பெங்களூரில் ஓர் ஆசிரியரும் மாணவரும் இருந்தார்கள். மற்றவர்கள் இடத்தைக் காலி செய்வதற்காகக் காத்திருக்காமல், ஆள் குறைந்த இடத்திலேயே அவர்கள் குடியேறினார்கள். நம் பல்கலைக்கழகங்களில் இன்று ஒருவர் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை எழுதினார், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். 1957 முதல் 1979 வரை ஓர் இடைப்பகுதியிலேயே நின்றுகொண்டிருந்த ஒருவர் இந்த எண்ணிக்கையில் எங்கே வருவார் என்று நினைத்துப் பார்க்கிறேன். கவலையாக இருக்கிறது. ஆய்வாளர்களுக்கு நாம் தர வேண்டியது ஒரே கேள்வியோடு நெடுங்காலம் இருக்கும் உரிமை. அது பணத்தைவிட அரிதாகிவிட்டது.

1984 முதல் 1993 வரை அவர் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அந்தக் காலத்தில் 1986-இல் அங்கே 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக்கணினி உருவானது. பாய்மச் சமன்பாடுகளுக்காகவே இந்தியாவில் கட்டப்பட்ட முதல் இணைக்கணினி. நிர்வாகப் பணிகளைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்கு அவசரமாக வானிலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

வானிலையும் எல்லை அடுக்குதான். தரைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் வரையிலான காற்று, பூமி என்ற பலகையின் மேல் ஓடும் கொந்தளிப்பு. 1990-இல் பருவமழைத் தாழ்வுப்பகுதி நெடுக, ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, கரக்பூர் ஆகிய நான்கு இடங்களில் 30 மீட்டர் உயரக் கோபுரங்கள் நிறுத்தி, காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்த மாண்ட்பிளக்ஸ் பரிசோதனையை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அளந்ததில் ஒரு சிக்கல் தலைகாட்டியது. தரையிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்பதற்கு உலகெங்கும் பயன்படும் சூத்திரங்கள் நன்றாகக் காற்று வீசும் இடங்களில் பிறந்தவை. அவற்றில் வெப்பப் பாய்வு காற்றின் வேகத்தோடு கூடும். காற்று நின்றால் பாய்வும் நிற்கும். ஆனால் வெப்ப மண்டலத்தில் காற்று பல நேரம் மந்தமாகவே இருக்கிறது. நண்பகலில் ஒரு இலைகூட அசையாதபோதும் தரை கொதிக்கிறது. வெப்பம் மேலே போகாமல் எங்கே போகும்? ஜோத்பூர்த் தரவுகளை வைத்துக் கே.ஜி.ராவும் நரசிம்மாவும் 2006-இல் காட்டினார்கள்: மந்தக் காற்றில் வெப்பப் பாய்வு காற்றின் வேகத்தைச் சார்ந்திருப்பதில்லை, காற்று தரையை இழுக்கும் உரசல் மட்டும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. குளிர்நாட்டுச் சூத்திரத்துக்கு ஒட்டுப்போடாமல், நம் வெயிலுக்கென்று ஒரு விதியை எழுதினார்கள்.

இப்போது ராம்தாஸ் அடுக்கு. பாலக்காட்டில் பிறந்து, கல்கத்தாவில் சி.வி.ராமனிடம் ஆய்வு பயின்று, புணேயில் வேளாண் வானிலைத் துறையைத் தொடங்கியவர் எல்.ஏ.ராம்தாஸ். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரைதான் முதலில் குளிர்கிறது. ஆகவே மிகக் குறைந்த வெப்பநிலை தரையில்தான் இருக்க வேண்டும் என்பது பாடம். 1932-இல் ராம்தாஸும் ஆத்மநாதனும் அளந்தபோது, மிகக் குளிர்ந்த காற்று தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே இருந்தது. தரையைவிடச் சில டிகிரி குளிராக. கனமான குளிர்காற்று மேலே, லேசான சூடான காற்று கீழே. அப்படி ஓர் அடுக்கு நிலைக்கக் கூடாது. புரண்டு கலந்துவிட வேண்டும். ஆகவே அளவீட்டில்தான் குறை என்று பலர் நினைத்தார்கள். 1950களில் ராஷ்கே என்ற ஜெர்மன் ஆய்வாளர் புணேயிலேயே கவனமாக அளந்து அதை உறுதிசெய்தார். விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

1993-இல் வாசுதேவமூர்த்தி, ஜே.சீனிவாசன், நரசிம்மா மூவரும் இதைக் கதிர்வீச்சின் வழியாக விளக்கினார்கள். தரை ஒரு முழுமையான கதிர்வீசியாக இல்லாதபோது, அதை ஒட்டிய காற்று தரையைவிட வேகமாகத் தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்க முடியும் என்றது அந்தக் கோட்பாடு. அறுபது ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது என்று எல்லோரும் நம்பினோம். நரசிம்மா உருவாக்கிய, பெங்களூரின் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தின் பொறியியல் விசையியல் பிரிவிலேயே அடுத்த தலைமுறை அதைக் கேள்விக்கு உட்படுத்தியது. 2010-க்குப் பிறகு அங்கே கே.ஆர்.சீனிவாஸும் உடனுழைப்பாளர்களும், முந்தைய கணக்கில் கதிர்வீச்சைத் தோராயப்படுத்திய விதத்திலிருந்தே அந்தக் குளிர்ச்சி வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். திறந்த வெளியிலும் ஆய்வகத்திலும் அளந்து, தரையோரக் காற்றில் மிதக்கும் நுண்தூசிகளே வெப்பத்தை வானத்துக்கு வீசிக் காற்றைக் குளிர்விக்கின்றன என்ற வேறொரு விளக்கத்தை வைத்தார்கள். ஒரு ஆசிரியரின் கோட்பாட்டை அவர் கட்டிய கூடத்திலேயே, அவர் உயிரோடு இருந்து பார்க்க, திருத்த முடிந்தது. ஓர் ஆய்வுப் பள்ளிக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

மேகத்துக்கு வருகிறேன். கோடைப் பகலில் எழும் குவிமேகத்தின் அடி தட்டையாக இருக்கும்; தலை மட்டும் உயர்ந்துகொண்டே போகும். செங்கல் சூளைப் புகை மேலே போகப்போக அகன்றுகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றியுள்ள காற்றை அது உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. 1956-இல் மார்ட்டன், டெய்லர், டர்னர் இதற்கு ஒரு எளிய விதி தந்தார்கள். குவிமேகம் அப்படி அகல்வதில்லை. ஏன்? நீராவி குளிர்ந்து துளியாகும்போது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2,500 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. புகைக்கு வெப்பம் அடியிலேயே கிடைத்துவிடுகிறது; மேகத்துக்கோ போகும் வழியெல்லாம் உள்ளேயே கிடைத்துக்கொண்டிருக்கிறது. இதை ஆய்வகத்தில் எப்படிக் காட்டுவது? நீர்த்தொட்டிக்குள் மேல்நோக்கிப் பீய்ச்சும் நீரில் சிறிது அமிலம் சேர்த்தார்கள். அமிலம் கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். வழியில் நுண்கம்பி வலைகளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், பீய்ச்சும் நீர் மட்டும் உள்ளிருந்தே சூடாகும். சுற்றியுள்ள நீர் சூடாகாது. நீராவி துளியாகும்போது வெளியாகும் வெப்பத்துக்கு இது ஈடு. ஒளிரும் சாயமும் லேசர் ஒளித்தகடும் கொண்டு குறுக்குவெட்டைப் பார்த்தபோது, வெளிநீரை மடித்து உள்ளே இழுக்கும் பெரிய சுழல்கள் வெப்பம் கிடைத்ததும் குலைந்துபோயின. உள்ளிழுப்பு குறைந்தது. ஜி.எஸ்.பட்டும் நரசிம்மாவும் 1996-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். 2011-இல் இன்னும் மேம்பட்ட தொட்டியில், எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு என்பதை மாற்றிமாற்றி, வானத்தில் நாம் காணும் பலவகைக் குவிமேக வடிவங்களைத் தொட்டிக்குள்ளேயே அவர்கள் வளர்த்துக் காட்டினார்கள். அப்போது நரசிம்மாவுக்கு வயது 78.

சுழல்கள் குலைவதைப் பற்றிச் சொல்லும்போது, எனக்கு 1973-இன் முடுக்கப்பட்ட எல்லை அடுக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இரண்டிலும் கொந்தளிப்பு ஒழியவில்லை. அதன் ஒரு பிடி தளர்கிறது, அவ்வளவே. மேகம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்பதற்கு ஒரு எண்ணைக் கொடுக்காமல் எந்தக் காலநிலைக் கணிப்பும் ஓடாது. அந்த எண்ணைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள், நல்லது. அதோடு, இதன் வட்டியில் ஒரு சிறு பகுதியை இந்தக் கல்லூரியின் இயற்பியல் மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். ராம்தாஸ் அடுக்கை அளக்கக் காற்றுச் சுரங்கம் வேண்டாம், லேசர் வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகள் இங்கே வரும். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், செடி கொடி இல்லாத வெறுந்தரையில் ஒரு கம்பம். அதில் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பிகள்: ஒன்று தரையிலேயே, அதற்கு மேல் 10, 20, 30, 50 சென்டிமீட்டரிலும் ஒரு மீட்டரிலும் இரண்டு மீட்டரிலும். பக்கத்தில் ஒரு சிமென்ட் தளத்தின் மேல் இதே அமைப்பில் இன்னொரு கம்பம். தரை மாறினால் அடுக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு. காற்றில் உள்ள தூசியை அளக்க ஒரு எளிய கருவி. சூரியன் மறைந்தது முதல் விடியும் வரை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு. முதலாண்டு மாணவர்கள் தொடங்கட்டும். அவர்கள் போனபின் அடுத்த வகுப்பு எடுத்துக்கொள்ளட்டும். பதிவேடு ஒன்றாகவே இருக்கட்டும். பத்து ஆண்டுப் பதிவு சேர்ந்தால், ஜக்கூரில் எழுந்த வாதத்துக்கு இங்கிருந்து ஒரு சான்று போகும்.